ஆற்றங்கரை மருத்துவமனையில் யாரும் மெலிவதில்லை

ஆற்றங்கரை மருத்துவமனையில் நோயாளி எவரும் மெலியக் கூடாது என்று உத்தரவு போட்டார்கள். சும்மா வாய்வார்த்தையாக இல்லை. சிவப்புத் துணியில் மஞ்சள் எழுத்தில் எழுதி வாசலில், மாடிப்படியில், கழிப்பறைக்குப் போகிற வழியில் என்று கண்ணில் படுகிற இடத்திலெல்லாம் தொங்கவிட்டார்கள். கொரோனாவில் மூச்சுக்குத் தவிக்கிறவன் கழுத்தைத் திருப்பினால் அதைத்தான் பார்த்தாக வேண்டும்: 'உண்போம், பருகுவோம், எடை கூடி வீடு திரும்புவோம்.'

யோசனை மருத்துவமனை டைரக்டர் ஹோவுடையது. புத்தாண்டு வசந்தத் திருநாளுக்குக் கட்டின சிவப்பு விளக்குகளை அவிழ்க்கக்கூட ஆளில்லாமல் சீனாவின் ஹூபேய் மாகாணம் முழுக்கக் கதவடைத்துக் கிடந்த நேரம் அது. பக்கத்து ஊர் மருத்துவமனையிலிருந்து குணமாகி வெளியே வந்த ஒரு மனிதரைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். மனிதர் துடைப்பக்குச்சி மாதிரி இருந்தார். மேலிடத்தில் யாரோ ஒருவர், "பார்க்க நல்லாயில்லையே" என்றாராம். அவ்வளவுதான். மறுநாள் காலையிலேயே ஆற்றங்கரையில் வார்டுக்கு ஒரு எடைக்கருவி வந்து இறங்கியது.

தினமும் காலையில் எல்லோரையும் அதில் ஏற்றி இறக்கினார்கள். எடையை வார்டு வாசலில் பெரிய பலகையில் எழுதினார்கள். முதலில் கிலோவில்தான் எழுதினார்கள். டைரக்டர் பார்த்துவிட்டு, "இதென்ன, ரெண்டு கூடியிருக்கு, மூணு கூடியிருக்குன்னு பிச்சைக்காரக் கணக்கு? ஜின்ல போடுங்க" என்றார். அரைக் கிலோவுக்கு ஒரு ஜின் என்பதால் அன்று மதியத்துக்குள் எல்லோரும் இரண்டு மடங்கு தேறிவிட்டார்கள்.

சாப்பாட்டால் எடை கூட்டுவது நடக்கிற காரியமா? நாக்கில் ருசியில்லாதவனுக்கு நீங்கள் எதைப் போட்டு எடை கூட்டுவீர்கள்? ஆகவே சுடுதண்ணீர். எங்கள் ஊரில் பிறந்தவர் யாருக்கும் சுடுதண்ணீரைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. காய்ச்சலா, சுடுதண்ணீர் குடி. வயிற்றுவலியா, சுடுதண்ணீர் குடி. மனைவி கோபித்துக்கொண்டாளா, அவளுக்கு ஒரு குவளை ஊற்றிக் கொடு. இப்படி வளர்ந்த ஜனங்களிடம் ஒரு மருத்துவமனை வந்து, இனி சுடுதண்ணீர்தான் வைத்தியம் என்றால் யார் சந்தேகப்படப் போகிறார்கள்? சுடுதண்ணீர்ப் படை என்று ஒன்றை அமைத்தார்கள். நோய் தணிந்து கொஞ்சம் தெம்பு வந்த பெண்களின் கையில் சிவப்புப் பட்டை கட்டி, ஆளுக்கு இரண்டு பிளாஸ்க் கொடுத்தார்கள்.

நான்காம் வார்டுக்கு மியாவ் யுன்ஷியா. சந்தைத் தெருவில் காலைப்பசிக்கு எள் விழுது போட்ட நூடுல்ஸ் விற்கிற கடை அவளுடையதும் அவள் புருஷன் லூ தபாவுடையதும். நோய் இருவருக்கும் ஒன்றாக வந்தது. அவளுக்கு வந்தது போனது தெரியவில்லை. அவருக்கு நெஞ்சில் உட்கார்ந்துவிட்டது. நான்காம் வார்டில் ஜன்னலோரக் கட்டில் அவருக்கு. படையில் சேர்ந்தால் அவரைத் தினமும் பார்க்கலாம் என்றுதான் யுன்ஷியா கையை நீட்டிப் பட்டை கட்டிக்கொண்டாள். மருத்துவமனைமேல் அவளுக்கு இருந்த பக்தியும் கொஞ்சநஞ்சமில்லை. வெள்ளைக்கோட்டு போட்டவர் தும்மினால்கூட அதில் ஏதோ விஷயம் இருக்கும் என்று நம்புகிற ரகம் அவள்.

"ஏ கிழவா, எழுந்திரு. குடி."

"இப்பத்தானே குடிச்சேன்."

"அது காலையோடது. இது காலைக்கும் மதியத்துக்கும் நடுவுல உள்ளது. பக்கத்துக் கட்டில்காரர் உன்னைவிட மூணு ஜின் அதிகம், வெக்கமா இல்ல?"

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து எனக்குத் தண்ணி காட்டிட்டிருக்கே. பத்தலையா உனக்கு?" என்று சொல்லிக்கொண்டே இரண்டு கையாலும் குவளையை வாங்கிக்கொள்வார் லூ. யார் எதை நீட்டினாலும் வேண்டாம் என்று சொல்லத் தெரியாத மனுஷர். கடையில் யாராவது பாதி குடித்த டீயை நீட்டினாலும் எழுந்து நின்று வாங்குவார்.

அவருக்கு எடை கூடியது. சும்மா சொல்லக் கூடாது, அப்படிக் கூடியது. முதலில் கன்னம் வந்தது. பிறகு கை. கல்யாண மோதிரம் சதைக்குள் போய் ஒளிந்துகொண்டது. பலகையில் அவர் பெயர் ஏறிக்கொண்டே போய் உச்சிக்கு வந்தது. யுன்ஷியாவுக்குப் பெருமை தாங்கவில்லை. மற்றப் படைக்காரிகளிடம், "எங்க வீட்டுக் கிழவருக்கு இந்த ஆஸ்பத்திரித் தண்ணி ஒத்துக்கிச்சு" என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

அப்புறம்தான் அவளுக்கு ஒன்று உறைத்தது. இவ்வளவு தண்ணீர் உள்ளே போகிறது, வெளியே எங்கே வருகிறது? கட்டிலுக்கடியில் இருந்த மூத்திரக் குடுவையை எடுத்துப் பார்த்தாள். அது வாங்கின நாளில் எப்படி இருந்ததோ அப்படி இருந்தது.

"நர்ஸம்மா லிங், இவர் ஒண்ணுக்குப் போகவேயில்ல."

லிங் கலகலப்பான பெண். பாதுகாப்பு உடைக்கு மேலே முதுகில் பேனாவால் தன் பெயரையும் ஒரு முயல் படத்தையும் வரைந்து வைத்திருந்தாள். "அப்ப தண்ணி பத்தல, அத்தை. இன்னும் ரெண்டு குவளை கொடுங்க, தானா வரும்."

கொடுத்தாள். என்னத்தைச் சொல்ல, தன் கையாலேயே கொடுத்தாள்.

அன்று மதியம் சுகாதாரப் பரிசோதனைக் குழு வந்தது. ஒவ்வொரு கட்டிலுக்கும் குனிந்து பார்த்தார்கள். லூவின் குடுவையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து வெளிச்சத்தில் காட்டினார்கள். "பாருங்க! எல்லாக் குடுவையும் இப்படி இருக்கணும்" என்றார் குழுத் தலைவர். நான்காம் வார்டுக்குச் 'சுத்தமான வார்டு' என்று பட்டம் கொடுத்தார்கள். படம் பிடிக்கும்போது லூவையே குடுவையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். அவரும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

வார்டு டாக்டர் ஷென் நல்ல பிள்ளை. காது மூக்கு தொண்டைக்காரர். கண் டாக்டரும் தோல் டாக்டரும்கூட அங்கே நுரையீரல்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யுன்ஷியா அவரை மாடிப்படி அருகே மறித்தாள். அவர் வந்து லூவின் முழங்காலுக்குக் கீழே விரலால் அழுத்தினார். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது. டாக்டரின் கண்ணாடிக்குப் பின்னால் கண்கள் சின்னதாகின. ரத்தம் எடுத்துக்கொண்டு போனவர் சாயங்காலம் அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அத்தை, ரத்தத்துல உப்பு தாறுமாறா ஏறிக்கிட்டிருக்கு. கிட்னி நின்னு போச்சு."

"கிட்னியா? அவருக்கு வந்தது நெஞ்சு வியாதி இல்லையா?"

"இந்த வியாதி நெஞ்சோட நிக்கறதில்ல, அத்தை. ஆஸ்பத்திரியில படுக்கற அளவுக்கு முத்தினவங்கள்ல நிறைய பேருக்குக் கிட்னியையும் அடிச்சிடுது. உடம்புல ஏறினது சதையில்ல, தண்ணி. மொதல்ல குடிக்கக் கொடுக்கறதை நிறுத்துங்க. டயாலிசிஸ் பண்ணி ரத்தத்தைச் சுத்தம் பண்ணிட்டா, கிட்னி தானா முழிச்சுக்கலாம். பண்ணலன்னா..."

"அந்த மிஷின் எங்க இருக்கு?"

டாக்டர் ஜன்னலைக் காட்டினார். முற்றத்துக்கு அந்தப் பக்கம் இரண்டாம் கட்டடம். மூன்றாவது மாடியில் கண்ணாடி வழியாக வரிசையாகக் கட்டில்கள் தெரிந்தன.

"பாதி சும்மாதான் கிடக்கு. ஜனங்க பயந்துகிட்டு வரதில்ல."

"அப்ப தூக்குங்க. நான் ஒரு பக்கம் பிடிக்கறேன். இந்தா இருக்கு, கல்லெறிஞ்சா விழும்!"

"டைரக்டர் அனுமதி வேணும், அத்தை" என்றார் ஷென்.

அனுமதி கேட்பதற்குக் கூட்டம் கூட்டினார்கள். சுடுதண்ணீர்ப் படையும் கூட்டத்துக்கு வரவேண்டும் என்று விதி இருந்ததால் யுன்ஷியாவும் பின்வரிசையில் நின்றாள். டைரக்டர் ஹோவின் பாதுகாப்பு உடையில் முன்னாலும் பின்னாலும் 'டைரக்டர்' என்று எழுதியிருந்தது. எந்தப் பக்கம் பார்த்தாலும் ஜனங்கள் எழுந்து நிற்க வேண்டுமல்லவா? ஷென் இரண்டு வாக்கியத்தில் விஷயத்தைச் சொன்னார். டைரக்டர் கோபப்படவில்லை. பெருந்தன்மையாகச் சிரித்தார்.

"தோழர் ஷென்னைக் கேக்கறேன். வியாதி எங்க இருக்கு? நெஞ்சுல. கிட்னி எங்க இருக்கு? முதுகுப் பக்கம். முன்னாடி சண்டை நடக்குது. பின்னாடி சமையல்கட்டுல இருக்கறவனைப் பத்தி இப்ப என்ன பேச்சு? மத்த ஊர்ல கிட்னி கெடுதாம். கெடட்டும். நம்ம ஆஸ்பத்திரியில இந்த வியாதியால ஒருத்தருக்காவது கிட்னி கெட்டிருக்கா? கிடையாது! ஏன் கிடையாது? நாம தேடறதில்ல. தேடினாத்தானே கிடைக்கும்!"

கைதட்டினார்கள். எல்லோரும் ரப்பர் உறை போட்டிருந்ததால் சப்சப்பென்று சேற்றில் நடக்கிற சத்தம் கேட்டது.

"இன்னொரு விஷயம். ரெண்டாம் கட்டடம் தொற்று இல்லாத கட்டடம். அங்க போகணும்னா கொரோனா இல்லன்னு சோதனையில வரணும். வந்துட்டா அவர் குணமானவர். குணமானவருக்கு ஆஸ்பத்திரியில என்ன வேலை? வீட்டுக்குப் போகணும். வீட்டுக்குப் போனவர் பதினாலு நாள் வாசப்படி தாண்டக் கூடாது. அதுக்கப்புறம் தாராளமா வந்து டோக்கன் போடட்டும். இதுல எங்கயாவது ஒரு ஓட்டை இருக்கா, சொல்லுங்க?"

யாருக்கும் ஓட்டை தெரியவில்லை. ஷென் வாயைத் திறந்தார். "காது டாக்டர்ங்கறதால காதுல விழறதையெல்லாம் நம்பிடக் கூடாது, தம்பி" என்றார் டைரக்டர். எல்லோரும் சிரித்தார்கள். ஷென் உட்கார்ந்துவிட்டார். அவர் ஒப்பந்தத்தில் இருப்பவர். அடுத்த மாதம் புதுப்பிக்க வேண்டும்.

யுன்ஷியா பிளாஸ்க்கோடு வார்டுக்குத் திரும்பினாள். லூ தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்றார். பழக்கத்தில் கையை நீட்டினார்.

"இனிமே குடிக்காத, கிழவா."

"ஆரம்பத்துல குடி குடின்ன. இப்ப குடிக்காதங்கற. உன்னோட குப்பை கொட்டறது பெரும்பாடா இருக்கே!"

"சும்மா இரு. யாராவது பார்த்தா குவளையை வாயில வெச்சு நடி. உள்ள விடாத. எப்படியாவது உன்னை அந்தக் கட்டடத்துக்குக் கொண்டுபோறேன்."

சரி, ஊற்றினதாகக் கணக்குக் காட்ட வேண்டிய தண்ணீரை எங்கே கொட்டுவது? கழிப்பறை வாசலில் காவலுக்கு ஆள் உண்டு. நடையில் ஒரு பெரிய பீங்கான் தொட்டியில் ஆரஞ்சுச் செடி இருந்தது. திருநாளுக்கு வீட்டுக்கு வீடு வைப்பார்களே, குட்டிக்குட்டியாய்ப் பொன்நிறப் பழம் தொங்குகிற செடி, அதுதான். டைரக்டர் ஹோ தன் சொந்தக் கையால் நான்காம் வார்டுக்குப் பரிசளித்தது. ஆள் நடமாட்டம் இல்லாதபோது யுன்ஷியா பிளாஸ்க்கை அதில் கவிழ்த்தாள். மறுநாளும் கவிழ்த்தாள். கொதிக்கிற தண்ணீரல்லவா? இலை சுருண்டது. பழங்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்து தரையில் உருண்டன.

அடேயப்பா, அப்புறம் நடந்ததைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்! டைரக்டர் கொடுத்த செடி வாடுகிறது என்று தெரிந்ததும் மருத்துவமனையே எழுந்து ஓடியது. ஊரடங்கில் எவரும் தெருவில் இறங்கக் கூடாது. ஆனாலும் ஒரே மணி நேரத்தில் அனுமதிச்சீட்டு வாங்கி, நகரப் பூங்காவிலிருந்து ஒரு செடி நிபுணரைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். தலைமுதல் கால்வரை பாதுகாப்பு உடை மாட்டி உள்ளே விட்டார்கள். அவர் மண்ணில் விரலை விட்டுப் பார்த்தார். ஐந்தாறு பேர் மூச்சுவிடாமல் சுற்றி நின்றார்கள்.

"தண்ணி அதிகம். உள்ள போறது வெளிய போக வழியில்ல, வேர் மூழ்கிடுச்சு. உடனே தண்ணியை நிறுத்துங்க. இன்னிக்கே வெயில் படற இடத்துக்கு மாத்துங்க. நாளைக்குன்னா பிழைக்காது."

"அப்படித்தான் சார் என் வீட்டுக்காரருக்கும்!" என்று யுன்ஷியா முன்னால் பாய்ந்தாள். "அப்படியே அதேதான்! ஒரு நிமிஷம் வந்து பாருங்க சார்."

"நான் செடிக்கு மட்டுந்தாம்மா" என்றார் நிபுணர்.

வெயில் நன்றாகப் படுகிற இடம் இரண்டாம் கட்டடத்து மூன்றாவது மாடிதான் என்று கண்டுபிடித்தார்கள். செடிக்குக் கொரோனா வராது. ஆகவே விதியில் தடையில்லை. நாலு பேர் தொட்டியைத் தூக்கிச் சக்கரக் கட்டிலில் வைத்து, மேலே போர்வை போர்த்தி, முற்றத்தின் குறுக்கே தள்ளிக்கொண்டு போனார்கள். லூ ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். சற்று நேரத்தில் டயாலிசிஸ் கட்டில்களுக்கு நடுவே, கண்ணாடிக்குப் பின்னால், அந்தச் செடி தெரிந்தது.

"அட, அது போய்ச் சேர்ந்துடுச்சு பாரு. நல்ல இடந்தான்" என்றார். அவருக்கு உண்மையிலேயே சந்தோஷம். யுன்ஷியாவுக்கு அவர் கன்னத்தில் அறையலாம் போலவும் கட்டிக்கொண்டு அழலாம் போலவும் இருந்தது.

செடிக்கு வைத்தியம் முடிந்ததும் குற்றவாளியைத் தேடினார்கள். நடையில் கேமரா இருந்தது. யுன்ஷியாவின் கைப்பட்டையை அவிழ்த்தார்கள். தன் தவறைத் தானே எழுதி எல்லோர் முன்னாலும் வாசிக்க வேண்டும் என்றார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளையிலிருந்து அலுவலக அதிகாரி வரை எங்கள் ஊரில் எல்லோரும் வாசித்த சமாசாரம்தான் அது. அவளும் எழுதினாள். வார்டு நடுவில் நின்று வாசித்தாள்.

"மியாவ் யுன்ஷியாவாகிய நான், என் புருஷனுக்குக் கொடுக்க வேண்டிய சுடுதண்ணீரைச் செடிக்கு ஊற்றினேன். அவருக்கு மூத்திரம் வரவில்லை. டாக்டர் தண்ணீர் கொடுக்காதே என்றார். அவர் உடம்பு முழுக்கத் தண்ணீர். எதிர்க் கட்டடத்தில் மிஷின் இருக்கிறது. செடியைக் கொண்டுபோன அதே கட்டிலில் அவரையும் கொண்டுபோங்கள். இது என் தவறு."

நிர்வாகப் பிரிவுக்காரர் தலையை ஆட்டினார். "உணர்ச்சி இருக்கு. ஆழம் பத்தல. செடியைப் பத்தி ரெண்டு வரிதான் வருது" என்று திருப்பிக் கொடுத்தார். டாக்டரைச் சொல்கிற வரியை அவரே அடித்துவிட்டார். இரண்டாம் முறை வாசித்தபோது செடி மட்டும்தான் மிச்சமிருந்தது. கைதட்டினார்கள். லூவும் தட்டினார். பாவம், விரல் வீங்கி ஒன்றோடொன்று சேராததால் சத்தம் வரவில்லை.

மறுநாள் லிங் குதித்துக்கொண்டு ஓடிவந்தாள். "அத்தை! ரெண்டு சோதனையிலயும் மாமாவுக்குக் கொரோனா இல்ல! குணமாயிட்டார்! நாளைக்கு விழா!"

குணமானவருக்கு மூச்சு வாங்கியது. உட்கார்ந்தபடியே தூங்கினார். கண்ணிரண்டும் கோடாகிவிட்டிருந்தன. யுன்ஷியா ஷென் டாக்டரைத் தேடிப் போனாள். "பேசியிருக்கேன் அத்தை, மேல திரும்பவும் பேசியிருக்கேன்" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல். பேசவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

விழாவுக்கு மருத்துவமனை வாசலில் சிவப்புக் கம்பளம் விரித்தார்கள். நோயாளிகள் மருத்துவமனைக்கு நன்றி சொல்லித் தரும் தங்க எழுத்துப் பட்டுக்கொடியை மருத்துவமனையே தயாராக அடித்து வைத்திருந்தது. பெயர் எழுதுகிற இடம் மட்டும் காலி. அதில் லூவின் பெயரை ஒட்டி, அவர் கையிலேயே கொடுத்து, டைரக்டர் கையில் கொடுக்கச் சொன்னார்கள். அவர் வந்தபோது போட்டிருந்த ஷூவை யுன்ஷியா கொண்டுவந்து மாட்டப் பார்த்தாள். விரல்கூட நுழையவில்லை. கடைசியில் நர்சுகள் காலில் மாட்டும் நீலப் பிளாஸ்டிக் உறையை மாட்டி நிறுத்தினார்கள். பின்பு மேடையில் வைத்திருந்த எடைக்கருவியில் ஏற்றினார்கள்.

"பதினாலு ஜின் கூடுதல்!" என்று லிங் ஒலிபெருக்கியில் அறிவித்தாள். அவள் குரல் உண்மையான மகிழ்ச்சியில் நடுங்கியது.

டைரக்டர் ஹோ லூவின் தோளில் கைபோட்டார். "பாருங்க இந்த முகத்தை! சிரிக்கும் புத்தர் மாதிரி இல்ல? வரும்போது காத்துல பறக்கற மாதிரி வந்தார். இன்னிக்கு நாலு பேர் சேர்ந்தாலும் தூக்க முடியாது. சில பேர் சொல்றாங்க, ஆஸ்பத்திரின்னா வியாதிக்குக் காரணம் கண்டுபிடிக்கணும்னு. நான் சொல்றேன், காரணம் யாருக்கு வேணும்? கேமராவுக்கு என்ன தெரியுதோ அதான் ஆரோக்கியம்!"

ஒலிபெருக்கியை யுன்ஷியாவிடம் நீட்டினார்கள். என்ன சொல்ல வேண்டும் என்பதை ஏற்கெனவே சொல்லித் தந்திருந்தார்கள். அவள் அதைச் சொல்லவில்லை.

"டைரக்டர் ஐயா, கால்ல விழறேன். இவரை வீட்டுக்கு அனுப்பாதீங்க. அந்தக் கட்டடத்துக்குக் கொண்டுபோங்க. இவர் செத்துப்போயிடுவார்." சொல்லும்போதே குரல் உடைந்தது.

டைரக்டர் ஒலிபெருக்கியை மெதுவாக வாங்கிக்கொண்டார். அவர் கண்ணிலும் நீர் கட்டியிருந்தது.

"பாருங்க! வீட்டுக்கே போகமாட்டேன், அடுத்த கட்டடத்துலயாவது வெச்சுக்கோங்கன்னு அழறாங்க. ஜனங்களுக்கு நம்ம ஆஸ்பத்திரி மேல இருக்கற அன்புக்கு இதைவிட என்ன சாட்சி வேணும்?"

பிறகு கேமராவைப் பார்த்தபடி ஒரு குவளைச் சுடுதண்ணீரை லூவிடம் நீட்டினார். விழாவின் கடைசிக் காட்சி அது. லூ யுன்ஷியாவைத் திரும்பிப் பார்த்தார். குடிக்காத, குடிக்காத, குடிக்காத என்றாள் அவள். வாய் முகக்கவசத்துக்குள் இருந்தது. மேளச்சத்தத்தில் குரலும் போய்ச் சேரவில்லை. இரண்டு கையாலும் வாங்கி, குனிந்து வணங்கி, அவர் முழுவதும் குடித்தார்.

வேனில் பூச்செண்டோடு வீட்டில் இறக்கினார்கள். ஊரடங்கைக் கவனிக்கிற தெருக்குழு ஆள் கதவை வெளியிலிருந்து மூடி, குறுக்கே காகிதம் ஒட்டி முத்திரை வைத்தார். லூவை நாற்காலியில் உட்காரவைத்து யுன்ஷியா முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். நெஞ்சுக்குள் குழம்பு கொதிப்பது போலச் சத்தம் கேட்டது.

"அதைக் குடிச்சிருக்கக் கூடாது, இல்ல கிழவி?"

"பரவாயில்ல, பேசாத."

"அவ்வளவு பெரிய மனுஷன் கை நீட்டிட்டான். எப்படி வேணாங்கறது, சொல்லு." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "கடை திறந்தா எள் விழுதை நல்லா குழை. போன மாசம் கட்டி கட்டியா இருந்துச்சுன்னு ஆளுங்க சொன்னாங்க. உன்கிட்ட சொல்லப் பயந்துட்டேன்."

"இப்ப மட்டும் தைரியம் வந்துடுச்சாக்கும்" என்றாள் அவள். அழுதுகொண்டே சொன்னாள்.

ஆம்புலன்சைக் கூப்பிட்டாள். பெயரைக் கேட்டுவிட்டு, குணமடைந்தோர் பட்டியலில் இருப்பதாகச் சொன்னார்கள். குணமடைந்தவருக்கு வண்டி அனுப்ப வழியில்லையாம். கதவை இரண்டு கையாலும் அடித்தாள். "அத்தை, பதினாலு நாள் பொறுத்துக்கோங்க, கண்மூடித் திறக்கறதுக்குள்ள ஓடிடும்" என்று வெளியிலிருந்து ஆறுதல் சொன்னார் தெருக்குழு ஆள். லூ தபாவ் பதினாலு நாள் பொறுக்கவில்லை. அன்று சாயங்காலம்கூடப் பொறுக்கவில்லை. முத்திரையைக் கிழிக்க அனுமதி வரும்வரை அவள் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

வீட்டில் இறந்ததால் அது மருத்துவமனைச் சாவு இல்லை. கொரோனா இல்லாமல் இறந்ததால் கொரோனாச் சாவும் இல்லை. சிறுநீரகம் ஆற்றங்கரையில் எவருக்கும் கெட்டதே இல்லை. ஆகவே லூ தபாவ் எந்தக் கணக்கிலும் சாகவில்லை. மருத்துவமனை முகப்பில் அவர் படம் பெரிதாகத் தொங்கியது. குண்டுக் கன்னமும் கோடான கண்ணுமாக அதில் சிரித்துக்கொண்டிருந்தார். ஆரஞ்சுச் செடி தளிர்விட்டதாகச் சொன்னார்கள்.

வசந்தம் முற்றி, தெருக்கள் திறந்து, யுன்ஷியா கடையைக் கூட்டிக்கொண்டிருந்த ஒரு நாள் தொலைபேசி அடித்தது.

"அத்தை! நான்தான் லிங், நான்காம் வார்டு. ஞாபகம் இருக்கா? குணமானவங்க எல்லாரையும் விசாரிக்கறோம். நாலே நாலு கேள்விதான், பதில் மட்டும் சொல்லுங்க. மாமாவுக்கு இருமல் இருக்கா?"

யுன்ஷியா திரும்பிப் பார்த்தாள். பாத்திர அலமாரி மேல் லூவின் சாம்பல் பெட்டி இருந்தது. அடக்கம் செய்யக் கல்லறைத் தோட்டங்கள் இன்னும் திறக்கவில்லை.

"இல்ல."

"காய்ச்சல்?"

"இல்ல."

"ரொம்ப நல்லது! மூச்சு வாங்குதா?"

"இப்ப வாங்கல."

"சந்தோஷம் அத்தை. கடைசிக் கேள்வி. இப்ப எடை என்ன?"

யுன்ஷியா எழுந்து போய்ப் பெட்டியைக் கையில் எடுத்துப் பார்த்தாள். மாவு நிறுத்து நிறுத்துப் பழகின கை.

"பெட்டியோட சேர்த்து அஞ்சு ஜின் இருக்கும்."

அந்தப் பக்கம் விசைகள் தட்டுகிற சத்தம் கேட்டது. நின்றது. திரும்பவும் தட்டினாள். அந்தப் பெண்ணுக்குப் புரிந்துவிட்டது என்றுதான் யுன்ஷியா நினைத்தாள். மீண்டும் வந்த குரல் மெலிந்திருந்தது.

"அத்தை... கம்ப்யூட்டர் அந்த எண்ணை எடுத்துக்க மாட்டேங்குது. குறைஞ்சது எண்பதாவது போடணும்."

"போட்டுக்கோ."

"எண்பதுன்னா எடை குறைஞ்சிருக்குன்னு வருது. குறைஞ்சவங்களுக்குப் படிக்க வேண்டியதுன்னு கீழ ஒரு வரி இருக்கு, அத்தை. படிக்காம அழைப்பை முடிக்க விடாது."

"படி."

லிங் படித்தாள். படிக்கும்போது அவள் அழுதாளா, சளி பிடித்திருந்ததா என்று சொல்வதற்கில்லை. "கவலைப்பட வேண்டாம். நோயாளிக்குத் தினமும் நிறையச் சுடுதண்ணீர் கொடுத்து வரவும்."

யுன்ஷியா தொலைபேசியை வைத்தாள். அடுப்பில் கடைக்காக வைத்த கொப்பரை கொதித்துக்கொண்டிருந்தது. இறந்தவர் முன்னால் காலையில் ஒரு குவளை வைப்பது வழக்கம், அன்று இன்னும் வைக்கவில்லை. ஊற்றிக்கொண்டுபோய்ப் பெட்டிக்கு முன்னால் வைத்தாள். ஆவி மேலே போயிற்று. முகக்கவசத்தை அவிழ்த்துப் பையில் செருகினாள். நன்றாகக் கேட்கும்படி கிட்டே குனிந்தாள்.

"குடிக்காத, கிழவா" என்றாள்.